உறையும் நீரும் உடையும் குழாயும்

நுழையும்முன்

குழாயைத் திறந்தால் நீர் வரும் என்று எண்ணியே நகரத்துப் பிள்ளைகள் வளர்கின்றனர். கோடையில் நீர் குறையலாம். சில நாள் வராமலும் போகலாம். ஆனால், குழாய் நிறைய நீர் இருந்தும் ஒரு சொட்டுக்கூட விழாத ஊர்கள் இந்தியாவில் உள்ளன. அங்கே நீரைக் குழாய்க்குள் நீராகவே காத்து வைப்பது ஒரு பெரும் பணி. அப்பணி எவ்வாறு நடைபெறுகிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

பூட்டிய வீட்டில் நடந்தது

லடாக்கின் லே நகரில் தமிழ்க் குடும்பங்கள் சில வாழ்கின்றன. படைப்பணி, சாலைப்பணி, வங்கிப்பணி எனப் பல பணிகளுக்காக அங்கே சென்றவர்கள் அவர்கள். அத்தகைய குடும்பம் ஒன்று மார்கழியில் வீட்டைப் பூட்டிக்கொண்டு, பொங்கலுக்காகத் தென்தமிழ்நாட்டுக்குப் புறப்படுகிறது என்று கொள்வோம். தாய் குழாய்களை எல்லாம் இறுக மூடுகிறார். ‘சொட்டு நீரும் வீணாகக் கூடாது’ என்பது அவருடைய எண்ணம். தந்தை மின்விசைகளை அணைக்கிறார். எல்லாம் முறையாகவே செய்யப்படுகின்றன.

பங்குனியில் குடும்பம் திரும்புகிறது. கதவைத் திறந்ததும் தரைவிரிப்பு நீரில் ஊறிக் கிடப்பது தெரிகிறது. பிள்ளைகளின் பாடநூல்கள் அலமாரியின் கீழ்த்தட்டில் பொதபொதவென்று உப்பிக் கிடக்கின்றன. சமையலறைச் சுவரோரம் செல்லும் இரும்புக் குழாயில் விரல் நீளத்திற்கு ஒரு பிளவு. வீட்டிற்குள் எவரும் நுழையவில்லை. பூட்டும் அப்படியே இருக்கிறது. அப்படியானால் குழாயைப் பிளந்தது யார்?

குழாய்க்குள் இருந்த நீர்தான். அது எவ்வாறு என்று அறிவதற்குமுன் குளிரைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும்.

முன்பனியும் பெரிய நாற்பதும்

பண்டைத் தமிழர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். மார்கழியும் தையும் முன்பனிக் காலம். மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். இங்கே ஒன்றைக் கருத வேண்டும். தமிழில் ‘பனி’ என்னும் ஒரு சொல் புல்நுனியில் அரும்பும் துளியையும் குறிக்கும். விடியற்காலை மூட்டத்தையும் குறிக்கும். இமயத்தின் வெண்மையையும் குறிக்கும். தென்னாட்டில் இவற்றைப் பிரித்துச் சொல்ல வேண்டிய தேவை மிகுதியாக எழவில்லை போலும். நீலகிரியில் மட்டும் அத்தேவை எழுந்தது. அங்கே மார்கழி, தை மாதங்களின் விடியலில் புல்வெளிமீது வெள்ளைப் பொடி தூவியதுபோல் படிவதை ‘உறைபனி’ என்று தனித்துச் சொல்வர்.

காஷ்மீர மக்கள் குளிர்காலத்தை நாள் எண்ணிப் பகுத்துள்ளனர். டிசம்பர் 21 அன்று தொடங்கும் 40 நாள்களைச் ‘சில்லாய் கலான்’ என்பர். பாரசீக மொழி வழியாக வந்த அப்பெயருக்குப் ‘பெரிய நாற்பது’ என்பது பொருள். தமிழ் மாதக் கணக்கில் அது மார்கழியின் முதல் வாரத்தில் தொடங்கித் தையின் நடுவில் முடிகிறது. அதாவது, நம் முன்பனிக் காலத்துக்குள் ஏறத்தாழ அடங்கிவிடுகிறது. அதன் பின்னர் 20 நாள் கொண்ட ‘சில்லாய் குர்த்’ என்னும் சிறிய குளிரும், 10 நாள் கொண்ட ‘சில்லாய் பச்சா’ என்னும் குழந்தைக் குளிரும் வரும். குளிருக்குக் குழந்தை என்று பெயரிட்டு அழைக்கும் உரிமை, அதனோடு பல நூற்றாண்டுகள் வாழ்ந்தவர்களுக்கே உண்டு.

2024ஆம் ஆண்டு டிசம்பர் 21 அன்று, பெரிய நாற்பது தொடங்கிய அந்நாளில், ஸ்ரீநகரில் வெப்பநிலை சுழியத்திற்குக் கீழே 8.5 பாகை செல்சியசு ஆனது. அந்நகரில் டிசம்பர் மாதத்து இரவு அவ்வளவு குளிர்ந்து ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. நகரெங்கும் வீட்டுக் குழாய்கள் உறைந்தன. லே நகரிலோ இது வியப்பன்று. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் அமைந்த அந்நகரில் சனவரி இரவுகள் சுழியத்திற்குக் கீழே 15 பாகை வரை செல்வது வழக்கம். ஸ்ரீநகரிலிருந்து லே செல்லும் நெடுஞ்சாலையில், சோஜிலா கணவாயைத் தாண்டியதும் வரும் திராஸ், அதனினும் குளிர்ந்த ஊர்.

நீரின் விந்தைக் குணம்

பெரும்பாலான பொருள்கள் குளிர்ந்தால் சுருங்கும். நீரும் குளிரக் குளிரச் சுருங்கத்தான் செய்கிறது. ஆனால், 4 பாகை வரைதான். அதன் கீழே சென்றதும் அது மெல்ல விரியத் தொடங்குகிறது. சுழியத்தில் உறைந்து பனிக்கட்டி ஆகும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு கூடிவிடுகிறது. நீரின் மூலக்கூறுகள் கட்டியாகும்போது ஒன்றையொன்று நெருங்கி அடையாமல், அறுகோண அமைப்பில் இடைவெளி விட்டு அமர்வதே இதற்குக் காரணம். பனிக்கட்டி நீரில் மிதப்பதும் இதனால்தான்.

ஒரு நெகிழிப் புட்டியில் கழுத்துவரை நீர் நிரப்பி, இறுக மூடிக் குளிர்ப்பெட்டியின் உறைவு அறையில் ஓர் இரவு வைத்தால், காலையில் அது வயிறு புடைத்து நிற்பதைக் காணலாம். நெகிழி வளைந்து கொடுப்பதால் புடைப்பதோடு நின்றுவிடும். கண்ணாடிப் புட்டி வளையாது; அது வெடித்துச் சிதறும். ஆகவே, இதனைக் கண்ணாடிப் புட்டியில் செய்து பார்த்தல் கூடாது. இரும்புக் குழாயும் கண்ணாடியைப் போலப் பெரிதும் வளைந்து கொடாதது.

குழாய் உடையும் விதத்தில் ஒரு நுட்பம் உண்டு. பனிக்கட்டி உண்டான இடத்திலேயே குழாய் உடையும் என்று பலரும் எண்ணுவர். பல வேளைகளில் அவ்வாறு நிகழ்வதில்லை. வெளிச்சுவரை ஒட்டிச் செல்லும் ஓரிடத்தில் முதலில் பனிக்கட்டி அடைப்பு ஒன்று உண்டாகிறது. அது வளர வளர இருபுறமும் உள்ள நீரைத் தள்ளுகிறது. மாடித்தொட்டியின் பக்கம் தள்ளப்படும் நீர் தொட்டிக்குள் திரும்பிச் செல்லும், அதனால் தீங்கில்லை. மறுபுறம் இருப்பதோ இறுக மூடிய குழாய்வாய். அடைப்புக்கும் குழாய்வாய்க்கும் இடையே சிக்கிய நீருக்குப் போக்கிடம் இல்லை. நீரை அமுக்கிச் சிறிதாக்குவது மிகக் கடினம். எனவே அங்கே அழுத்தம் ஏறுகிறது. மாடித்தொட்டி தரும் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவைச் சுற்றியே இருக்கும். உறையும் நீர் தரும் அழுத்தமோ அதைப்போல் சில நூறு மடங்குவரை செல்ல வல்லது. குழாயில் எந்த இடம் மெலிந்ததோ, எந்த மூட்டு நலிந்ததோ, அங்கே பிளவு விழுகிறது. அவ்விடத்தில் பனிக்கட்டியே இல்லாமலும் இருக்கலாம்.

குழாய்க்குள் நீர் உறைந்திருக்கும்வரை இந்தப் பிளவு தெரிவதில்லை. உறைந்த பனிக்கட்டியே வழியை அடைத்துக்கொண்டு நிற்கும். வெயில் ஏறிக் கட்டி உருகிய பின்னரே நீர் பீறிடும். குழாய் உடைந்தது தையில். வீடு நனைந்தது பங்குனியில். தாய் குழாய்வாய்களை இறுக மூடியது சிக்கனத்தால் விளைந்த பிழை. வீட்டில் ஆள் இருக்கும் குளிர் இரவுகளில் காஷ்மீரத்திலும் இமாசலத்திலும் பலர் ஒரு குழாயைச் சிறிது திறந்து, நூல்போல் நீர் ஒழுக விடுகின்றனர். ஓடும் நீர் தொட்டியிலிருந்து சிறிது வெப்பத்தைக் கொண்டுவந்துகொண்டே இருக்கும்; அதனினும் முதன்மையாக, அழுத்தம் ஏறுவதற்கு இடமிராது.

குழாய்க்குப் போர்வை

குளிர் என்று ஒரு பொருள் குழாய்க்குள் நுழைவதில்லை. குழாயிலுள்ள வெப்பம் வெளியேறுகிறது, அவ்வளவே. வெப்பம் எப்போதும் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குச் செல்லும். இரும்பும் செம்பும் வெப்பத்தை எளிதிற் கடத்துவன. எனவே உறையில்லாத உலோகக் குழாய், தன்னுள் இருக்கும் நீரின் வெப்பத்தை வெளிக்காற்றுக்கு வாரிக் கொடுத்துவிடுகிறது. காற்று வீசினால் இழப்பு இன்னும் விரைவாகும். குழாயைச் சுற்றி அரிதிற்கடத்தி ஒன்றைப் போர்த்தினால் இவ்விழப்பு குறையும். இதனையே வெப்பக்காப்பு என்பர்.

அரிதிற்கடத்திகளுள் மலிவானதும் சிறந்ததும் அசையாத காற்று. அசையாமல் இருக்க வேண்டும் என்பதே அதிலுள்ள இடர்ப்பாடு. காற்றைச் சிறு சிறு அறைகளில் அடைத்துவிட்டால் அது அசையாது. கம்பளி, வைக்கோல், சாக்கு, பஞ்சு, உமி, மரத்தூள், தெர்மாகோல், கறுப்பு நுரைக் குழல், கண்ணாடி இழைக் கம்பளி ஆகிய அனைத்தும் காற்றைச் சிறைப்பிடிக்கும் கூடுகளே. கடையில் நீள நீளமாக விற்கப்படும் நுரைக் குழலின் ஒருபக்கம் நெடுக்காகக் கிழிக்கப்பட்டிருக்கும். அதை விரித்துக் குழாய்மீது பொருத்தி, கிழிசலை நாடாவால் ஒட்டிவிடலாம். வாங்க இயலாதவர்கள் பழைய சாக்கையும் கம்பளித் துணியையும் சுற்றுகின்றனர். சாக்கை இகழ வேண்டியதில்லை. உலர்ந்திருக்கும்வரை அதுவும் தன் கடமையைச் செய்யும்.

‘உலர்ந்திருக்கும்வரை’ என்பதே இங்கு முதன்மையானது. நீர், அசையாத காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வெப்பத்தைக் கடத்தும். பனிக்கட்டியோ நீரைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு கடத்தும். நனைந்த சாக்கில் காற்றின் இடத்தை நீர் பிடித்துக்கொள்கிறது. அந்நீர் உறைந்தால் குழாய்க்குப் பனிக்கட்டியாலேயே போர்வை போர்த்தியது போலாகும். அதனால்தான் சாக்கின்மீது நெகிழித்தாளையோ தகரத்தையோ சுற்றி, மழையும் பனியும் புகாமல் கட்டுகின்றனர்.

போர்வை முழுமையாக இருப்பதும் இன்றியமையாதது. நேராகச் செல்லும் பகுதிக்கு அழகாக உறை போட்டுவிட்டு, வளைவையும் வால்வையும் திறந்து விட்டுவிடுவது பணியாளர் பலரும் செய்யும் தவறு. வளைவுக்கு உறை வெட்டுவது கடினம் என்பதால் இவ்வாறு நேர்கிறது. உறை இல்லாத ஒரு சாண் இடம் போதும். அடைப்பு அங்கே உண்டாகும். பத்து மீட்டர் உறையும் பயனற்றுப் போகும்.

இதே போர்வை சென்னையின் வரலாற்றிலும் ஓரிடம் பெற்றுள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகர வணிகர் பிரெடரிக் டியூடர், தம் நாட்டு ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை வெட்டிக் கப்பலில் ஏற்றி, மாதக்கணக்கான கடற்பயணத்தின் வழியே இந்தியாவுக்கு அனுப்பினார். கப்பலில் கட்டிகளைச் சுற்றி மரத்தூள் திணிக்கப்பட்டது. வந்திறங்கிய கட்டிகளைச் சேர்த்து வைக்கத் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் 1842 அளவில் ஒரு கட்டடம் எழுந்தது. ‘ஐஸ் ஹவுஸ்’ என்று மக்கள் வழங்கிய அக்கட்டடமே இன்றைய விவேகானந்தர் இல்லம். சென்னை வெயிலில் பனிக்கட்டி உருகாமல் காத்ததும், லே குளிரில் நீர் உறையாமல் காப்பதும் ஒரே வேலைதான். முன்னதில் வெப்பம் உள்ளே வருவது தடுக்கப்பட்டது. பின்னதில் வெப்பம் வெளியே போவது தடுக்கப்படுகிறது. எத்திசைக்குத் தடை என்று மரத்தூளுக்குத் தெரியாது.

போர்வைக்கும் ஓர் எல்லை

வெப்பக்காப்பு வெப்பத்தை உண்டாக்குவதில்லை. கம்பளி மனிதனுக்கு இதமாக இருப்பது, உடல் இடைவிடாது வெப்பத்தைத் தருவதால்தான். ஒரு கல்லுக்குக் கம்பளி போர்த்தினால் அது சூடாகாது. குழாயில் தேங்கி நிற்கும் நீரும் கல்லைப் போன்றதே. போர்வை, வெப்பம் வெளியேறுவதைத் தாமதப்படுத்தும், தடுத்து நிறுத்தாது. ஓர் இரவுக் குளிருக்கு அத்தாமதமே போதும். பல நாள் தொடர்ந்து சுழியத்திற்குக் கீழே நிற்கும் குளிரில், உறையிட்ட குழாயும் ஒருநாள் உறையும். விற்பனையாளர் இதனைச் சொல்வதில்லை.

நீருக்கு இன்னொரு தற்காப்பும் இருக்கிறது. சுழியம் பாகையை அடைந்தவுடனே நீர் உறைந்துவிடாது. ஒரு கிராம் நீர் உறைவதற்கு 80 கலோரி வெப்பத்தை இழக்க வேண்டும். அதே நீர் 80 பாகையிலிருந்து சுழியம்வரை ஆறுவதற்கு இழக்கும் வெப்பமும் அவ்வளவே. ஆகவே முழுவதும் உறையப் பல மணிநேரம் தேவைப்படுகிறது. உதகையில் புல்மீது உறைபனி படிந்தாலும் வீட்டுக் குழாய்கள் பெரும்பாலும் பிழைத்துவிடுவது இதனால்தான். அங்கே கடுங்குளிர் விடியலை ஒட்டிய சில மணிநேரமே நீடிக்கும். கதிரவன் எழுந்ததும் விலகிவிடும். லே நகரிலோ இரவும் நீளம், குளிரும் ஆழம், பகலிலும் நிழலில் கிடக்கும் குழாய் உருகுவதில்லை.

குழாயின் பருமனும் இதில் பங்கு கொள்கிறது. குழாயின் விட்டம் இருமடங்கானால் அதன் மேற்பரப்பு இருமடங்காகும். உள்ளிருக்கும் நீரோ நான்கு மடங்காகும். இழக்கும் வாயில் இருமடங்கு, இழக்க வேண்டிய வெப்பம் நான்கு மடங்கு. எனவே தெருவிலுள்ள பெருங்குழாய் தாக்குப் பிடிக்கும் இரவிலும், வீட்டுக்குள் பிரியும் அரையங்குலக் குழாய் முதலில் உறைந்துவிடும்.

மண்ணுக்குள் மறைத்தல்

போர்வைகளுள் பெரியது மண். குளிர்காலத்தில் நிலத்தின் மேற்பகுதி உறைந்தாலும், ஓர் ஆழத்திற்குக் கீழே கோடையில் சேர்ந்த வெப்பம் எஞ்சியிருக்கும். அந்த ஆழத்தை உறைநிலைக் கோடு எனலாம். அதன்கீழ்ப் பதித்த குழாய் உறையாது. மண்மீது தடித்த வெண்பனி படிந்தால் அதுவும் ஒரு போர்வையே. ஏனெனில் அதற்குள்ளும் காற்று அடைபட்டிருக்கிறது. லே நகரோ குளிர்ப்பாலை. ஆண்டு முழுவதும் பெய்வது ஏறத்தாழ 100 மில்லிமீட்டரே. வெண்பனியின் போர்வை மெல்லிதாக இருப்பதால் அங்கே நிலம் ஆழமாக உறைகிறது. பாறை மிகுந்த மலைநிலத்தில் அவ்வளவு ஆழம் தோண்டுவது எளிதன்று. அதுவும் வேலை செய்ய ஏற்ற காலம் சில மாதங்களே.

இக்காரணங்களால், லே நகரின் பல பகுதிகளில் குளிர்காலம் வந்தால் குழாய் வழி நீர் நிறுத்தப்பட்டு, தொட்டி வண்டிகளில் நீர் வழங்கப்படுவது நெடுநாள் வழக்கம். சிற்றூர்களில் பெண்கள் ஓடைக்குச் சென்று, மேலே மூடிய பனிக்கட்டியை உடைத்து நீர் மொண்டு சுமந்து வந்தனர். வழுக்கும் பாதையில் நீர்க்குடத்துடன் நடப்பதன் துன்பத்தைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2019 ஆகத்து 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம், ஊரக வீடுகள்தோறும் குழாய்நீர் வழங்குவதைக் குறிக்கோளாகக் கொண்டது. லடாக்கில் அக்குறிக்கோளின் பெரும் தடை, நீரின் பற்றாக்குறை மட்டுமன்று; உறைதலும்தான். குழாயை ஆழப் பதித்தல், வெளியே தெரியும் பகுதிகளுக்குக் கண்ணாடி இழைக் கம்பளி சுற்றுதல், இரும்புக்கு மாற்றாகச் சிறிது வளைந்து கொடுக்கும் கறுப்புப் பாலிஎத்திலீன் குழாய்களைப் பயன்படுத்துதல் ஆகியன அங்கு மேற்கொள்ளப்படும் வழிகள்.

உறைதலையே நண்பனாக்கிய முயற்சியும் லடாக்கில் உண்டு. பொறியாளர் சோனம் வாங்சுக் 2013ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் முதல் பனித்தூபியை முயன்று பார்த்தார். மலையின் மேற்பகுதியிலிருந்து நிலத்தடிக் குழாய் வழியே இறங்கும் நீர், தன் அழுத்தத்தாலேயே நிமிர்ந்து நிற்கும் குழாயின் உச்சியில் ஏறிப் பூவாய்ச் சிதறுகிறது; சிதறிய துளிகள் இரவுக் குளிரில் உறைந்து கோபுரமாக வளர்கின்றன. வேனிலில் அது மெல்ல உருகி வயலுக்கு நீராகிறது. வெளியே நீர் உறைய வேண்டும். குழாய்க்குள் உறையக் கூடாது. பனித்தூபி அமைப்போர் படும் பாடெல்லாம் இந்த ஒன்றில்தான் இருக்கிறது. நீரோட்டம் சிறிது நேரம் தடைப்பட்டாலும் குழாய் உறைந்து பணி நின்றுவிடும்.

உறைந்தபின் செய்வதும் செய்யாதிருப்பதும்

குழாய் உறைந்துவிட்டால் முதலில் குழாய்வாயைத் திறத்தல் வேண்டும். உருகும் நீருக்கும் உண்டாகும் ஆவிக்கும் அதுவே போக்கிடம். பின்னர், குழாய்வாயின் பக்கத்திலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக உட்பகுதி நோக்கிச் சூடேற்ற வேண்டும். நடுவில் தொடங்கினால், உருகிய நீர் இரு கட்டிகளுக்கிடையே சிக்கிக்கொள்ளும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியைச் சுற்றுவதும், முடி உலர்த்தும் கருவியின் காற்றைக் காட்டுவதும் போதுமானவை. பொறுமை வேண்டும்.

பொறுமை இழந்தவர் செய்தித்தாளைக் கொளுத்திக் குழாயின்கீழ்ப் பிடிப்பர். இது பெருந்தீங்கு விளைக்கும். நெகிழிக் குழாய் உருகும், மரச்சுவர் தீப்பற்றும், இரும்புக் குழாயிலும் ஓரிடம் மட்டும் கொதித்து ஆவியாகி வெடிக்கக்கூடும். கொதிநீரை ஒருசேர ஊற்றுவதும் நன்றன்று. திடீர் வெப்பமாற்றத்தால் மூட்டுகள் விரிசல் காணும். நீர் வரத்து உறைந்திருக்கும்போது கீசரை இயக்குவதும் ஆகாது. இவற்றைப் பெரியவர்களே செய்ய வேண்டும். பிள்ளைகள் அருகில் நின்று நினைவூட்டினால் அதுவே பேருதவி.

தில்லிக் குளியலறையில்

தில்லியிலும் போபாலிலும் வாழ்வோருக்குக் குழாய் உறைதல் நேர்வது அரிது. ஆயினும் வெப்ப இழப்பு அவர்களுடைய வீட்டிலும் நாள்தோறும் நடக்கிறது. தைக் காலையில் வெந்நீர்க் குழாயைத் திறந்தால் முதலில் வருவது தண்ணீரே. கீசரிலிருந்து குளியலறை வரை 10 மீட்டர் நீளத்திற்கு, 15 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாய் சென்றால், அதற்குள் ஏறத்தாழ ஒன்றேமுக்கால் லிட்டர் நீர் நிற்கும். அது முழுவதும் வெளியேறிய பின்னரே சூடான நீர் வரும். நான்கு பேர் இடைவெளி விட்டுக் குளித்தால், காலை ஒன்றுக்கு ஏழு லிட்டர் நீர் வீணாகும். குளித்து முடித்தபின் குழாயில் எஞ்சும் வெந்நீரும் சுவருக்கு வெப்பத்தைக் கொடுத்து ஆறிவிடும். அதனைச் சூடாக்கிய மின்சாரமும் போயிற்று.

வெந்நீர்க் குழாய்க்கு நுரை உறை இட்டால், அடுத்தவர் கால்மணி நேரம் கழித்து வந்தாலும் குழாயிலுள்ள நீர் வெதுவெதுப்பாகவே இருக்கும். ஆனால், இரவு முழுவதும் அது தாங்காது. ஆதலின், உறை இடுவதைக் காட்டிலும் கீசரைக் குளியலறைக்கு அருகிலேயே பொருத்திக் குழாயின் நீளத்தைக் குறைப்பதே மேலான வழி. கட்டி முடித்த வீட்டில் அது இயலாதபோது உறை துணை செய்யும். அவ்வுறை ஆனி மாதத்திலும் உதவும். மொட்டைமாடி வெயிலில் காய்ந்து, குழாயைத் திறந்தால் கையைச் சுடும் நீரை, உறையிட்ட குழாயும் நிழலிட்ட தொட்டியும் ஓரளவு தணிக்கும்.

மீண்டும் அதே வீடு

லே நகரத்துக் குடும்பம் பிளந்த குழாயை மாற்றியது. ஊறிய பாடநூல்களுள் சில வெயிலில் உலர்ந்து பிழைத்தன. ஏனையவை அடுப்புக்குச் சென்றன. அடுத்த மார்கழியில் தாய் செய்தது முன்னதற்கு நேர்மாறானது. முதலில் கீசரின் மின்விசையை அணைத்தார். வீட்டிற்குள் நீர் நுழையும் முதன்மை வால்வை மூடினார். பின்னர் எல்லாக் குழாய்வாய்களையும் திறந்துவிட்டார். மேல்தளக் குழாய் வழியே காற்று உள்ளே புக, கீழ்த்தளக் குழாய் வழியே நீர் முழுவதும் வடிந்தது. கீசரின் அடித்திருகைத் திறந்து அதனையும் காலி செய்தார். கழிப்பறைத் தொட்டியின் நீரையும் வெளியேற்றினார். தந்தை வால்வின்மேல் இரட்டைச் சாக்கைச் சுற்றி, அதன்மேல் நெகிழித்தாளைக் கட்டினார். நீரில்லாத குழாயில் உறைவதற்கு ஏதுமில்லை. பாடநூல்கள் இம்முறை அலமாரியின் மேல்தட்டில் இருந்தன.

சிந்தித்து விடை எழுதுக

1. குழாய் தையில் உடைந்தும் வீடு பங்குனியில் நனைந்தது ஏன்?

2. ‘எத்திசைக்குத் தடை என்று மரத்தூளுக்குத் தெரியாது’ என்னும் தொடரை, ஐஸ் ஹவுஸையும் லே நகர வீட்டையும் ஒப்பிட்டு விளக்குக.

3. நனைந்த சாக்கு, சாக்கே இல்லாததைவிடத் தீங்காக முடிவது எவ்வாறு?

4. உம் வீட்டில் வெந்நீர்க் குழாயைத் திறந்தது முதல் சூடான நீர் வரும்வரை விழும் நீரை ஒரு வாளியில் பிடித்து அளந்து எழுதுக. அந்நீரை எதற்குப் பயன்படுத்தலாம்?

5. பனித்துளி, மூடுபனி, உறைபனி, வெண்பனி, பனிக்கட்டி ஆகிய சொற்களின் பொருள் வேறுபாட்டை வீட்டுப் பெரியோரிடம் கேட்டறிந்து, ஒவ்வொன்றையும் ஒரு தொடரில் அமைக்க.